ஏழாவது தீர்மானம்

பில்லுப்பாறையில் நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் தினமும் இரண்டு தடவை பாறை மேல் ஏறி நின்றாக வேண்டும். காலையில் ஒரு தடவை, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒரு தடவை. ஆளைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பினால்தான் அன்றைக்குக் கூலி உண்டு. வெள்ளக்கடை ஊரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் ரோட்டில் சிக்னல் கிடையாது. பாறை உச்சியில்தான் இரண்டு கோடு வரும். பனி பெய்து வழுக்குகிற பாறையில் மண்வெட்டியும் இரும்புச் சட்டியுமாக அறுபது பேர் ஏறுவார்கள். முட்டி தேய்ந்தவர்கள் முன்னால் போகிறவளின் முந்தானையைப் பிடித்துக்கொள்வார்கள். எதிர்ப்பாறையில் நின்று சிவசக்தி படம் எடுப்பாள்.

"வேலம்மாத்தை, முக்காட்ட எடுங்க, மூஞ்சி தெரியல."

"இந்த மூஞ்சியப் பாத்துட்டா டெல்லிக்காரன் காசு அனுப்பறான்? பாத்தான்னா இருக்கறதையும் புடுங்கிக்குவான்."

சிவசக்தி பன்னிரண்டாவது வரை படித்தவள். பணித்தளப் பொறுப்பாளர் என்பது காகிதத்தில் இருக்கிற பெயர். ஊருக்கு அவள் ரைட்டர். ஆளை மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்று விதி இருந்தது. எழுதவும் போனில் படம் ஏற்றவும் தெரிந்த வேறு பெண் இல்லாததால் வேலை சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வேலை கேட்டு மனு எழுதுவதும் அவள்தான். எழுதி நீட்டுவாள். தெரிந்தவர்கள் கையெழுத்துப் போடுவார்கள், தெரியாதவர்கள் கட்டைவிரலை வைப்பார்கள். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆறு வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை.

புருஷன் மாதப்பன் மிளகு பறித்தவன். போன வருஷத்துக்கு முந்தின மாசியில், நாற்பதடி சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து மேல்கொடியை எட்டும்போது ஏணிக்கால் ஈரமண்ணில் நழுவியது. இடுப்பில் கம்பி வைத்து அனுப்பினார்கள். எஸ்டேட்காரன் ஆஸ்பத்திரி வரைக்கும் ஜீப் கொடுத்தான், அதோடு சரி. இப்போது தடி ஊன்றி நடப்பான். குனிய முடியாது, சுமக்க முடியாது. அவனுக்கு ஊனமுற்றவர் என்று தனி அட்டை வாங்கி, வேலைத்தளத்தில் தண்ணீர் மொண்டு கொடுக்கிற ஆளாகப் போட்டிருந்தாள் சிவசக்தி. முழுக் கூலி. இந்த மலையில் அவனை வேலைக்குக் கூப்பிடுகிற இடம் அது ஒன்றுதான். அந்த வீட்டில் களி கிண்டுவதும் டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்கிற மகள் கீர்த்திகாவுக்கு பஸ்ஸுக்குக் கொடுப்பதும் அதிலிருந்துதான்.

பொங்கல் முடிந்த கையோடு அந்தப் பேச்சு வந்தது. டவுன் நகராட்சியாகப் போகிறது. சுற்றியுள்ள ஊராட்சிகளை ஒன்றியத்திலிருந்து பிரித்து அதோடு சேர்க்கப் போகிறார்கள். பட்டியலில் பில்லுப்பாறையும் இருக்கிறது. நூறு நாள் வேலை கிராமத்துக்கு மட்டும்தான். நகராட்சிக்குள் போன அன்றைக்கே நின்றுவிடும். குடியரசு தினத்துக் கிராம சபையில் ஊரின் சம்மதத்தைக் கேட்பார்கள்.

ஜாபர் அலியின் கடை முன்னால் இதே பேச்சாக இருந்தது. டீயும் மளிகையும் ஒரே கூரையில் ஓடுகிற கடை. அவருடைய அத்தா சேலத்திலிருந்து கருவாட்டுக் கூடையோடு நடந்து மலையேறியவர். ஜாபர் அலிக்கு ஒன்றியத்தை விட்டுப் போவதில் முழுச் சம்மதம்.

"தங்கச்சி, நீ ஒரு பக்கத்து நாயத்தப் பேசற," என்றார் சிவசக்தியிடம். "ஒன்றியத்துல கெடந்து என்னத்தக் கண்டோம்? இந்த ரோடு போட்டு எத்தன வருசம்? பைப்புல தண்ணி வந்து எத்தன நாளு? டவுனோட சேந்தா தெருவுக்குத் தெரு லைட்டு. குப்ப எடுக்க லாரி வரும். ரிசார்ட்டுக்காரன் நாலு பேரு வருவான்."

"வருவான், வருவான்," என்றாள் வேலம்மாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குளிர் காய்ந்துகொண்டிருந்தாள். "பின்னாலயே ஊட்டு வரிக்குச் சீட்டோட இன்னொருத்தன் வருவான்."

மாதப்பன் தடியைச் சுவரில் சாத்திவிட்டு நின்றபடியே டீ குடித்தான். உட்கார்ந்தால் எழ இரண்டு பேர் வேண்டும். "குப்ப எடுக்க லாரிங்களா பாய்? எங்கூட்டுல குப்ப போடற அளவுக்கு என்ன இருக்குது? அவன் வந்தா என்னையத்தான் தூக்கிப் போட்டுட்டுப் போவோணும்."

சிரித்தார்கள். சிவசக்தி சிரிக்கவில்லை.

"வெளையாட்டு இல்ல மாதப்பா. நெலத்துக்கு வெல ஏறும்."

"ஏறும். விக்கறவனுக்கு. வித்துப்போட்டு நாங்க எங்க போயி நிக்கறது? மலையடியில குப்பனூர்ல எறங்கி வெயில்ல நிக்கறதுங்களா?"

"அட, அந்த நூறு நாள் கூலியே ஐப்பசியிலருந்து வரல. வராத காசுக்கு இத்தன ரோசமா?"

வேலம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். "வரலைன்னாலும் அது இருக்கோணும் பாய். முன்னெல்லாம் எஸ்டேட்டுல எங்களுக்கு என்ன மருவாதி? கூப்புட்டா வரோணும், குடுத்தா வாங்கோணும். இந்த வேலை வந்தப்பறம்தான 'அக்கா, காபிப் பழம் கொட்டுது, வாங்கக்கா'ன்னு ஜீப்ப எடுத்துட்டு ஊட்டு வாசலுக்கு வந்தான்? இது போச்சுன்னா ஜீப்பும் போச்சு, அக்காவும் போச்சு."

உள்ளே பருப்புப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த ஜாபர் அலியின் மனைவி ஆசியா தலையை நீட்டினாள். "ஏங்க, நம்ம கடையில சாமான் வாங்கறது ரிசார்ட்டுக்காரனா? அவன் சேலத்துலருந்து வண்டியில எறக்கறான். நூறு நாள் காசு வர்ற அன்னைக்கி நம்ம கடை முன்னால நிக்கற கூட்டம் உங்க கண்ணுக்குத் தெரியலையா?"

"நீ உள்ள போ."

"உள்ளதான் இருக்கறேன். இங்கிருந்தே எனக்குத் தெரியுது."

ஜாபர் அலி பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கெட்டவரில்லை. மகன் இர்பான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கிடக்கிறான். டவுன் வளர்ந்தால் ஒரு பேன்சி கடை வைத்து அவனை மலைக்கே கூட்டிவந்துவிடலாம் என்று ஒரு கணக்கு அவருக்கு இருந்தது.

வெள்ளிக்கிழமை ஊராட்சிச் செயலர் பழனிமுத்து பைக்கில் வந்தார். தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து மூன்று வாரமாகியிருந்தது. ஊராட்சியை இப்போது அதிகாரிகளே பார்த்தார்கள், ஓடியாடுவது பழனிமுத்து. நீள நோட்டு ஒன்றைச் சிவசக்தியிடம் கொடுத்தார்.

"நூறு பேரு கையெழுத்து இல்லாட்டி சபை செல்லாதும்மா. காபிப் பழம் பறிக்கிற சீசன். உங்கூருல முப்பது பேரு வந்தாப் பெரிசு."

"செல்லாமப் போனா என்னாகுங்ண்ணா?"

"நீங்க வேண்டாம்னு சொன்னதும் செல்லாது. மேல இருக்கறவங்க பாட்டுக்கு எழுதிக்குவாங்க. அப்பறம் எங்கிட்ட வந்து அழுகக்கூடாது."

நோட்டைப் புரட்டினாள். பெயர், தகப்பன் அல்லது கணவன் பெயர், கையொப்பம் என்று கோடு போட்டிருந்தது. தலைப்பு எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"எஸ்டேட்டுல இருக்கறவங்க வர மாட்டாங்க. முன்னாலயே கையெழுத்து வாங்கிட்டு வந்தாச் செல்லுங்களா?"

பழனிமுத்து பைக்கை உதைத்துக் கிளப்பினார். "கையெழுத்து இருந்தா ஆளு வந்தாப்புலதான்."

மறுநாள் சாயங்காலம் எடைக்களத்துக்குப் போனாள். பறித்த பழத்தைச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து தராசு முன்னால் இறக்கிக்கொண்டிருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் பனி சொட்டுகிற செடிக்குள் நுழைந்தவர்கள். சேலை இடுப்பு வரைக்கும் நனைந்து, உடம்புச் சூட்டிலேயே காய்ந்திருந்தது. கழுத்திலும் காதோரத்திலும் செவ்வெறும்பு கடித்த தடிப்பு. விரல்களில் பழப்பால் பிசின்போல ஒட்டிக் கறுத்திருந்தது.

"நாளைக்கி வாங்கன்னா வர மாட்டீங்க," என்றாள் சிவசக்தி.

"ஞாயித்துக்கெழமைன்னா பழம் காத்திருக்குமா கண்ணு? உதுந்தா மண்ணுல பொறுக்கோணும். பொறுக்குன பழத்துக்குப் பாதிக் கூலிங்கறான்." வேலம்மாள் சாக்கின் வாயை அவிழ்த்தபடியே சொன்னாள். "என்னத்துக்கு நோட்டு?"

"டவுனோட சேர வேண்டாம்னு சொல்றதுக்குங்கத்தை. நூறு பேரு வேணுமாம்."

"வேண்டாங்கறதுக்கா? அப்ப ரெண்டு கை வெரலையும் வெக்கறேன், கொண்டா."

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ராசாத்தி, புஷ்பலதா, மீனாட்சி, கீழ்த்தெரு, மேல்தெரு எல்லாரும். விரலில் பிசின் இருந்ததால் ரேகை பட்டையாக அப்பியது. சிவசக்தி ஒவ்வொரு விரலையும் தன் முந்தானையால் துடைத்து வைத்தாள். அங்கே முடித்து, பக்கத்து எஸ்டேட் லயன் வீடுகளுக்கும் போய் இருட்டுவதற்குள் திரும்பினாள். நூற்று நாற்பத்து மூன்று பேர். மாதப்பன் நோட்டை வாங்கி எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தான்.

"ஊரே இதுல இருக்குதா?"

"இருக்குதுங்க."

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தபின் சபை கூடியது. வந்தவர்கள் முப்பத்து நான்கு பேர். சிவசக்தி நோட்டைக் கொடுத்தாள். வந்தவர்களிடமும் அதிலேயே கையெழுத்து வாங்கினார் பழனிமுத்து. கொசு ஒழிப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, குடிநீர்ச் சிக்கனம் என்று ஆறு தீர்மானங்கள் வாசிக்கப்பட்டன. தண்ணீரே வராத ஊரில் சிக்கனத்தைக் கேட்டு யாரோ செருமினார்கள். ஏழாவதை வாசிக்க ஆரம்பித்ததும் எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

"வேண்டாம்! எழுதுங்க, வேண்டாம்னு எழுதுங்க!"

நாற்காலியில் இருந்த அதிகாரி கையைக் காட்டினார். "ஒவ்வொருத்தராச் சொல்லுங்க."

மாதப்பன் தடியை ஊன்றி முன்னால் போனான். "ஏனுங்க சார், நான் மரத்துலருந்து உழுந்தவன். நாலு கொடம் தண்ணி மொண்டு குடுக்கறேன், அதுக்குத்தான் எனக்குக் கூலி. டவுன்ல எனக்கு என்ன வேல குடுப்பீங்கன்னு சொல்லுங்க, இப்பவே கையத் தூக்கறேன்."

அதிகாரிக்குச் சின்ன வயது. மாதப்பனின் இடுப்பைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். "உங்க கருத்து பதிவு செய்யப்படும்."

ஜாபர் அலி மட்டும் எழுந்து, சேரலாம் என்று சொன்னார். ஆனால் நூறு நாள் வேலையை நிறுத்தாமல் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார். "அது ரெண்டும் ஒண்ணா நடக்காதுங்க பாய்," என்றார் அதிகாரி. ஜாபர் அலி நின்று யோசித்தார். "அப்படின்னா எனக்கும் வேண்டாம்னு எழுதிக்கங்க," என்று உட்கார்ந்துவிட்டார். பெண்கள் கைதட்டினார்கள். ஆசியாதான் முதலில் தட்டினாள் என்று பிறகு சொல்லிச் சிரித்தார்கள்.

அன்றைக்குச் சிவசக்தி சாமைச் சோறு ஆக்கி, கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். கீர்த்திகா இரண்டு தடவை சோறு வாங்கினாள். பில்லுப்பாறையில் எல்லா வீட்டுக்குள்ளும் நிம்மதியாக அடுப்பெரிந்த நாள் அது.

வியாழக்கிழமை வேலைத்தளக் காகிதங்களைக் கொடுக்க ஊராட்சி அலுவலகம் போனபோது தீர்மான நகல் மேஜை மேல் கிடந்தது. தானாகக் கண் போனது. பொருள் எண் ஏழு. பில்லுப்பாறை ஊராட்சியை ஒன்றியத்திலிருந்து பிரித்து நகராட்சியுடன் இணைக்க இச்சபை ஏகமனதாக ஒப்புதல் அளிக்கிறது. கலந்துகொண்டோர் நூற்று எழுபத்தேழு.

இரண்டு தடவை வாசித்தாள். மூன்றாவது தடவை எழுத்து தெரியவில்லை.

"அண்ணா, இது வேற ஊரு தீர்மானமுங்களா?"

பழனிமுத்து தலையைத் தூக்கவில்லை. "எல்லா ஊருக்கும் ஒரே அச்சும்மா. மேலருந்து வந்தத அப்படியே போட்டேன். நான் மாத்தி எழுதுனா என் வேலை இருக்குமா?"

"வேண்டாம்னு கத்துனாங்களேண்ணா. உங்க காதுலதான கத்துனாங்க?"

"கத்துனது முப்பத்தி நாலு பேரு. கையெழுத்து நூத்தி எழுபத்தேழு. கத்துனது காத்துல போயிருச்சு. கையெழுத்துதான் காயிதத்துல இருக்குது."

"நோட்டக் குடுங்க."

"அது போயி ரெண்டு நாளாச்சு."

"நான் போயி எழுதிக் குடுக்கறேன். அதுல பாதிப் பேருக்கு மேல அன்னைக்கி வரவே இல்லைன்னு எழுதிக் குடுக்கறேன்."

அப்போதுதான் பழனிமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தார். அதில் மிரட்டல் ஒன்றும் இல்லை. களைத்துப்போன மனுஷன். "எழுதிக் குடு. வராதவங்க கையெழுத்த வாங்கிட்டு வந்தது யாருன்னு கேப்பாங்க. அதையும் சேத்து எழுது. பொறுப்பாளர் வேலையிலருந்து நாளைக்கே எடுத்துருவாங்க. உன் மேல கேசு போட்டாலும் போடுவாங்க." மேஜைக் காகிதங்களை அடுக்கிக்கொண்டே, "முப்பது நாளுக்குள்ள ஆட்சேபணை மனு குடுக்கலாம். ஊரே திரண்டு குடுத்தா ஒருவேளை எடுபடும்," என்றார்.

வீட்டில் மாதப்பன் சுவரைப் பிடித்து நின்றுகொண்டு இடுப்புக்கு வேப்பெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவான் என்று நினைத்தாள். அவன் எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்தான்.

"நூறு பேரு இல்லாட்டி சபை செல்லாதுன்னுதான சொன்னான்?"

"ஆமாங்க."

"அப்ப தீர்மானமும் செல்லாம போயிருக்கும்."

அவள் தோளில் கிடந்த பையை வாசல்படியில் இறக்கினாள்.

"நீ சும்மா இருந்திருந்தாப் போதும்," என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதற்கு அவன் தடியால் அடித்திருக்கலாம். தடியை எடுத்துக்கொண்டு, "போயி நீயே சொல்லிப்புடு. பழனிமுத்து வாயிலருந்து வந்துச்சுன்னா நாம ஊருக்குள்ள நடமாட முடியாது," என்றான்.

ராத்திரியே ஆட்சேபணை மனுவை எழுதி முடித்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அதே எடைக்களம். அவள் போவதற்கு முன்னாலேயே சேதி போயிருந்தது. யாரும் வா என்று சொல்லவில்லை. தராசுக்குப் பக்கத்தில் எஸ்டேட் மேஸ்திரி நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தான்.

"திங்கக்கெழமையிலருந்து கிலோவுக்கு ஆறு ரூவா. ஏழு இனிமே கெடையாது."

"ஏனுங்க, சீசன் நடுவுல கொறைக்கறீங்க?" என்றாள் ராசாத்தி.

"தொரை சொல்லச் சொன்னாரு. ஊரு டவுனாகப் போவுதாமே. இனி எல்லாருக்கும் எஸ்டேட்டுதான? பிரியப்பட்டா வாங்க, இல்லைன்னா வுடுங்க. குப்பனூர்லருந்து வண்டியில ஆளக் கொண்டாந்து எறக்கிக்குவோம்."

எல்லாரும் சிவசக்தியைப் பார்த்தார்கள். அவள் மனுவை எடுத்து விரித்தாள். சபைக்கு வராதவர்களின் கையெழுத்தைத் தான் முன்னதாகவே வாங்கியதையும், அது சம்மதமாக எழுதப்பட்டதையும், ஊர் ஒன்றியத்திலேயே இருக்க விரும்புவதையும் ஒரு வரி விடாமல் வாசித்தாள். தன் பெயரையும் வேலையையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே மாதப்பனின் கையெழுத்து. மற்றதெல்லாம் காலி.

"போட்டுக் குடுங்க. முப்பது நாள்தான் இருக்குது."

புஷ்பலதா தன் சாக்கைத் தராசில் வைத்தாள். "எனக்கு வேண்டாங்க்கா. இன்னொருக்கா என்ன எழுதிக்குவாங்களோ."

"வாசிச்சுக் காட்டுனேனே புஷ்பா."

"அன்னைக்குந்தான் வாயால சொன்னீங்க."

மீனாட்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ராசாத்தி, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். அவள் புருஷன் குடித்துச் செத்து நாலு வருஷம். சிவசக்தி வேலம்மாளிடம் போய் நின்றாள். கிழவி எடை போட்டு வெறும் சாக்கை உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, நீங்க வெச்சா மத்தவங்க வெப்பாங்க."

"நாங்க என்ன படிச்சுப் பாத்தா வெச்சோம் சாமி? உன்ற மூஞ்சியப் பாத்து வெச்சோம்." வேலம்மாள் குரலை உயர்த்தவில்லை. "நீ தெரிஞ்சு பண்ணலைன்னு எனக்குத் தெரியும். ஆனா அந்த நோட்டுல என்ற ரெண்டு கை வெரலும் கெடக்குது. அத அழிச்சுட்டு வா. அழிச்சுட்டு வந்து சொல்லு, இதுல காலு வெரலையும் வெக்கறேன்."

சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மற்றவர்கள் பின்னால் போனார்கள். சிவசக்தி மனுவை நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

மேஸ்திரி தராசுப் படியைக் கழற்றிக்கொண்டே கேட்டான். கிண்டலாகக் கேட்கவில்லை, அவனுக்கு இன்னும் பத்து நாளைக்கு ஆள் வேண்டியிருந்தது. "ரைட்டரம்மா, உனக்கும் அங்க வேலை முடியப் போவுது. பழத்துக்கு வர்றியா?"

"கிலோ எவ்வளவுங்க?"

"இப்பத்தான சொன்னேன். ஆறு."

நாலு எட்டு போன வேலம்மாள் நின்றாள். திரும்பி அங்கிருந்தே சொன்னாள்: "ஆறுக்கு வராதே கண்ணு. நீயும் ஆறுக்கு வந்து நின்னீன்னா அடுத்த வாரம் எங்களுக்கு அஞ்சும்பான்."

பாதையில் போய்க்கொண்டிருந்த பெண்களெல்லாம் நின்றுவிட்டார்கள். மலைச்சரிவிலிருந்து பனி ஏறிவந்து அவர்கள் கால்களை மூடிக்கொண்டிருந்தது. சிவசக்தி அவர்களைப் பார்த்தாள். வீட்டில் சுவரைப் பிடித்து நிற்கிறவனை நினைத்தாள். அரிசிப் பானையை நினைத்தாள். மார்ச்சு மாசம் கீர்த்திகாவுக்குப் பரீட்சை.

மேஸ்திரி பக்கம் திரும்பினாள்.

"எத்தன மணிக்கு வரோணுங்க?"

"ஏழுக்கு," என்றான் மேஸ்திரி. "சோத்தக் கையிலயே கொண்டாந்துரு."